விசாரித்து எடுத்த பெண்

அபிதகுசாம்பாள் பொய் சொல்லவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பெண் பார்க்க வந்தவர்கள் ஜாதகம் பார்த்தார்கள், பல் வரிசை பார்த்தார்கள், மாப்பிள்ளையின் அம்மா லீலா பெண்ணைத் தறியில் உட்காரவைத்து ஒரு சாண் நெய்யச் சொல்லிக்கூடப் பார்த்தாள். பெண்ணைப் பெற்றவளிடம், உன் பிரசவம் எப்படி நடந்தது என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருப்பது பொய்யாகுமா? ஆகாது. ஆனால் அப்படி அடிக்கடி சொல்லித் தன்னைத் தேற்றிக்கொள்ள வேண்டியிருந்தது என்றால், அவள் மனசுக்குள் அது ஒரு முள்ளாகத்தான் இருந்திருக்கிறது.

விஷயம் இவ்வளவுதான். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் சந்தவாசலில், தலைப்பிள்ளை சுகன்யாவைப் பெற்றபோது அபிதகுசாம்பாளுக்கு வலிப்பு வந்தது. கையும் காலும் வெட்டி இழுத்தது, நாக்கைக் கடித்துக்கொண்டாள், நினைவு தப்பியது. புருஷன் அய்யாக்கண்ணு நெல் மூட்டை ஏற்ற வந்த லாரியில் அவளைப் போட்டுக்கொண்டு போளூருக்கு ஓடினார். எப்படியோ தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். அதற்கு முன்பும் வந்ததில்லை, அதற்குப் பிறகு ஒரு நாள்கூட வந்ததில்லை. வலிப்பு போய்விட்டது, பெயர் போகவில்லை. கோயிலில் பொங்கல் வைக்கப் போனால் அடுப்பண்டை அவளை உட்காரவிட மாட்டார்கள். நெருப்பில் விழுந்துவிட்டால் என்ன செய்வது என்பார்கள், அக்கறையாகத்தான். அந்த அக்கறையைத் தாங்குவது வசவைத் தாங்குவதைவிடக் கஷ்டம்.

சுகன்யாவுக்குக் கல்யாண வயசு வந்தபோது பக்கத்து ஊர்களிலிருந்து இரண்டு இடம் வந்தது. இரண்டும் டீக்கடையில் ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பிப் போயிற்று. அந்த டீயோடு என்ன ஊற்றிக் கொடுத்தார்கள் என்பது அய்யாக்கண்ணுவுக்குத் தெரியும். அதனால்தான் ஆரணியில் மாப்பிள்ளை தேடினார். ஆரணி ஒன்றும் அசலூர் இல்லை, பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் வந்துவிடும். ஆனாலும் ஏதோ புண்ணியத்துக்கு அந்தப் பேச்சு மட்டும் பஸ் ஏறவில்லை.

லீலாவுக்கு ஒரே பிள்ளை, குப்புராஜ். வீட்டில் இரண்டு பட்டுத்தறி. புருஷன் போன பிறகு இரண்டையும் ஓடவிட்டுப் பிள்ளையை ஆளாக்கியவள் என்பதால் லீலாவின் வாய்க்கு அந்தத் தெருவில் ஒரு மரியாதை இருந்தது. அந்த வாய் சும்மா இருக்காது. காலையில் காதில் விழுந்த சேதி, உலை கொதிப்பதற்குள் தெருக்கோடிக்குப் போயிருக்கும். மருமகளைத் திட்டாத நாள் கிடையாது. அந்த மருமகளுக்கு முதல் கரண்டி நெய் ஊற்றாத நாளும் கிடையாது. நூல்காரர், பால்காரர் என்று யார் வந்தாலும் சுகன்யாவைக் காட்டி, "நான் நல்லா விசாரிச்சு எடுத்த பொண்ணு" என்பாள். அபிதகுசாம்பாள் எதிரில் இருக்கும்போது அதைச் சொன்னால், அவளுக்குக் குடித்த காப்பி நெஞ்சிலேயே நின்றுவிடும்.

சுகன்யா உண்டானாள். மாதாமாதம் நர்ஸம்மா பார்த்துவிட்டு எல்லாம் சரியாக இருக்கிறது என்றுதான் சொன்னாள். ஏழாம் மாதம் முடியும்போது கால் வீங்கியது. அது யாருக்கும் பெரிசாகப் படவில்லை. குழித்தறியில் காலைத் தொங்கவிட்டு நாள் பூரா மிதிக்கிறவர்களுக்குச் சாயங்காலம் கால் வீங்கத்தான் வீங்கும். அந்தத் தெருவில் வீங்காத கால் என்றால் அது நெய்யாத கால். லீலா நல்ல மனசோடு மருமகளைத் தறியைவிட்டு எழுப்பினாள். தரையில் உட்கார்ந்து தார்க்குச்சியில் ஊடை நூல் சுற்றினால் போதும் என்று சொல்லி, ராத்திரி அவள் காலுக்கு விளக்கெண்ணெய் தடவினாள். இரண்டு வாரம் ஆகியும் வீக்கம் வடியவில்லை. இத்தனை நாள் மிதித்த தறி உடம்பைவிட்டு இறங்க நாளாகும் என்று லீலா தீர்ப்புச் சொல்லிவிட்டாள். தை மாதக் கல்யாணச் சேலைகள் தறியில் நின்றன. அந்த மாதம் நர்ஸம்மாவிடம் போவது தள்ளிப் போயிற்று.

ஒன்பதாம் மாதம் வளைகாப்பு. அய்யாக்கண்ணு வேன் பிடித்து, சொந்தக்காரர்களை ஏற்றிக்கொண்டு, தட்டு வரிசையோடு வந்து இறங்கினார். வளையல் அடுக்கி, கலந்த சாதம் போட்டு, அப்படியே பெண்ணைப் பிரசவத்துக்குச் சந்தவாசலுக்கு அழைத்துப் போக வேண்டும். தலைப்பிரசவம் தாய்வீட்டுப் பாடு, அதில் யாருக்கும் மறுபேச்சு இல்லை.

வளையல்களை அபிதகுசாம்பாளே வாங்கியிருந்தாள். சுகன்யா வீட்டில் விட்டுப்போன பழைய வளையலை அளவுக்குக் கொண்டுபோய், அதைவிடக் கொஞ்சம் பெரிசாகவே பார்த்து எடுத்தாள். பெண்ணின் கன்னத்தில் சந்தனம் பூசிவிட்டு முதல் வளையலைப் போட்டாள். அது விரல் முட்டியோடு நின்றுவிட்டது. கையை அமுக்கிப் பார்த்தாள். அமுக்கிய இடத்தில் குழி விழுந்து அப்படியே நின்றது.

கூடியிருந்த பெண்கள் வளையல்காரனைத் திட்டினார்கள். ஒருத்தி சோப்புத் தண்ணீர் கொண்டுவந்து, இழுத்துப் பிடித்துச் சில வளையல்களை ஏற்றிவிட்டாள். இன்னொருத்தி, பிள்ளைத்தாய்ச்சி முகம் எப்படிப் பூரித்துப் போயிருக்கிறது, திருஷ்டி சுற்றிப் போடுங்கள் என்றாள். அபிதகுசாம்பாள் அந்த முகத்தைப் பார்த்தாள். இமை தடித்திருந்தது, மூக்கு அகன்றிருந்தது. இதே முகத்தை அவள் ஒரு தரம் கண்ணாடியில் பார்த்திருக்கிறாள். அப்போதும் நாலு பேர் பூரிப்பு என்றுதான் சொன்னார்கள்.

குனிந்து, மகள் காதோரம், உடம்புக்கு என்ன செய்கிறது என்று கேட்டாள். தலை இரண்டு நாளாக விண்விண்ணென்று இடிக்கிறது, கண்ணில் பூச்சி பறக்கிறது, சாம்பிராணிப் புகை என்று அத்தை சொன்னார்கள் என்றாள் சுகன்யா, சிரித்துக்கொண்டே. அவளுக்கு என்ன தெரியும்? அம்மாவுக்கு எப்போதோ வலிப்பு வந்ததென்று ஊரில் கேட்டிருக்கிறாள், அது தன்னைப் பெற்றபோது வந்தது என்பது அவளிடமே சொல்லப்படவில்லை.

சமையல்கட்டில் அபிதகுசாம்பாள் புருஷனைப் பிடித்தாள். அவர் பெண்டாட்டியின் முகத்தைப் பார்த்ததுமே விஷயத்தைப் புரிந்துகொண்டார். "பேசாம கூட்டிகினு போயிடலாம். நம்ம ஊர்ல போய்ப் பாத்துக்கலாம். இங்க வாயத் தொறக்காத" என்றார். கெட்ட மனுஷன் இல்லை. லாரியில் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு அழுதவர்தான். ஆனால் பெண்ணைத் திருப்பி அனுப்பிவிடுவார்களே என்கிற பயம் அவரை அப்படிப் பேசவைத்தது. சந்தவாசலில் ராத்திரி ஆனால் பஸ் கிடையாது, நெல் லாரி தினமும் வராது என்பது அவருக்கும் தெரியும்.

அபிதகுசாம்பாள் கூடத்துக்கு வந்து, புறப்படுவதற்கு முன்னால் பெண்ணை ஒரு தரம் டாக்டரிடம் காட்டிவிடலாம் என்றாள். லீலாவுக்குச் சுருக்கென்றது. நல்ல நேரம் போய்விடும், ராகு காலம் வந்துவிடும், இத்தனை நாள் நாங்கள் பார்க்காததை ஒரு மணி நேரத்தில் நீங்கள் பார்த்துவிட்டீர்களா என்று ஆரம்பித்தாள். எதற்கும் தலையாட்டுகிற சம்பந்தி அன்றைக்கு அசையவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். தான் இல்லாமல் ஒரு காரியம் நடப்பது லீலாவுக்குப் பிடிக்காது. ஆகவே முணுமுணுத்துக்கொண்டே அவளும் ஆட்டோவில் ஏறினாள்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு டாக்டரம்மாவின் கிளினிக். டாக்டரம்மா கையில் பட்டையைச் சுற்றிப் பிரஷர் பார்த்தார். கொஞ்ச நேரம் இடது பக்கமாகப் படுக்கவைத்து மறுபடியும் பார்த்தார். நூற்று நாற்பதுக்குத் தொண்ணூறு. சிறுநீரில் புரதம் லேசாகத் தெரிந்தது. எல்லைக்கோட்டில் நிற்கிறது என்றார். மாத்திரை எழுதிக்கொண்டே வரிசையாகக் கேட்டார். இதுதான் முதல் பிள்ளையா, முன்பே பிரஷர் உண்டா, சர்க்கரை உண்டா, சிறுநீரகக் கோளாறு ஏதாவது? லீலாவே எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். டாக்டரம்மா வயிற்றைத் தொட்டுப் பார்த்து ஒற்றைப் பிள்ளைதான் என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார். பிறகு, அம்மாவுக்கோ கூடப்பிறந்தவர்களுக்கோ பிரசவத்தில் பிரஷர், வலிப்பு என்று ஏதாவது வந்ததுண்டா என்று கேட்டார்.

"அதெல்லாம் சுத்தமா ஒண்ணும் கெடையாதுங்க" என்றாள் லீலா. "நான் நல்லா விசாரிச்சு எடுத்த பொண்ணு."

டாக்டரம்மா தலையாட்டினார். அப்படியானால் மாத்திரையைச் சாப்பிடட்டும், ஊருக்குப் போகலாம், அடுத்த வாரம் வந்து காட்டட்டும் என்று சீட்டைக் கிழித்து நீட்டினார். லீலா கை நீட்டி வாங்கிக்கொண்டாள்.

அபிதகுசாம்பாள் சுவரோரமாக நின்றுகொண்டிருந்தாள். இப்போது வாய் திறந்தால் என்ன ஆகும் என்பது அவளுக்கு வரிவரியாகத் தெரிந்தது. வலிப்புக்காரி பெற்ற பெண் என்பார்கள். வாழாவெட்டியாக வந்து நிற்பாள். இப்போது தெருவெல்லாம் பெருமை பேசுகிற இதே வாய் நாளைக்குத் தெருவெல்லாம் வேறு பேசும். வாய் திறக்காவிட்டால்? அதுவும் தெரியும். நாக்கின் ஓரத்தில் பழைய தழும்பு இன்னும் இருக்கிறது.

"எனக்கு வந்துச்சுங்க" என்றாள்.

டாக்டரம்மா நிமிர்ந்தார். அபிதகுசாம்பாள் முன்னால் வந்து மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "இவளப் பெத்தப்போ எனக்கு வலிப்பு வந்துச்சு. கால், கை, மூஞ்சி எல்லாம் இதே மாரிதான் வீங்கிச்சு. இதே தலவலி. சம்பந்திக்குத் தெரியாது. நாங்க சொல்லல."

மகளைப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. சுகன்யா கட்டிலிலிருந்து, "அம்மா" என்று மட்டும் கூப்பிட்டாள்.

டாக்டரம்மா லீலாவின் கையிலிருந்த சீட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டார். தலைப்பிரசவம் என்பதே ஒரு காரணம், பெற்ற தாய்க்கு வந்திருக்கிறது என்பது அதைவிடப் பெரிய காரணம், இரண்டும் சேர்ந்தால் இன்றைக்கு எல்லைக்கோட்டில் நிற்கிற பிரஷர் நாளைக்கு எங்கே நிற்கும் என்று சொல்ல முடியாது என்றார். சந்தவாசல் வேண்டாம், ஆரணியும் வேண்டாம், இப்படியே வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று வேறு சீட்டு எழுதினார். பிறகு அபிதகுசாம்பாளைப் பார்த்து, "இது காக்கா வலிப்பு இல்லம்மா. கர்ப்பத்துல ஏர்ற பிரஷரால வர்றது. பிள்ள பொறந்தப்புறம் அடங்கிடும். இத்தன வருஷமா அதையா மனசுல வச்சிருந்தீங்க?" என்றார். அபிதகுசாம்பாளுக்கு அழுகை வந்தது. இதை யாராவது அன்றைக்கே சொல்லியிருந்தால் எத்தனை பொங்கல் வைத்திருப்பாள்.

குப்புராஜ் வாடகைக் கார் கொண்டுவந்தான். அவன் சுபாவமே குறைச்சலாகப் பேசுவது. முன் சீட்டிலிருந்து திரும்பித் திரும்பிப் பெண்டாட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தான். பின் சீட்டில் சந்தனம் காய்ந்த கன்னத்தோடு சுகன்யா நடுவில், இரண்டு பக்கமும் இரண்டு பேர். கண்ணமங்கலம் தாண்டியது, லீலா பேசவில்லை. வேலூர் வந்தது, பேசவில்லை. பிறந்ததிலிருந்து லீலா அவ்வளவு நேரம் வாயை மூடிக்கொண்டிருந்ததில்லை. அபிதகுசாம்பாளுக்கு வசவைவிட அது பயமாக இருந்தது.

வார்டில் சேர்த்ததும் லீலா ஒரு வார்த்தை சொல்லாமல் கிளம்பிப் போய்விட்டாள். அவ்வளவுதான், பெண்ணை என் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டாள் என்று அபிதகுசாம்பாள் நினைத்தாள். சுகன்யா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, என்னிடமாவது சொல்லியிருக்கலாமே என்றாள். உனக்குப் பயம் வந்துவிடும் என்று சொல்லவில்லை என்றாள் அம்மா. எல்லா அம்மாக்களும் சொல்கிற பதில் அது. பயம் யாருக்கு என்று சுகன்யா கேட்கவில்லை, அந்த மட்டுக்கும் நல்ல பெண்.

மறுநாள் காலையில் லீலா வந்தாள். ஒரு கையில் தூக்குவாளி, இன்னொரு கையில் பாய், இரண்டு தலையணை. இரண்டு. ஒன்றைச் சம்பந்தியின் பக்கம் போட்டாள், முகத்தைப் பார்க்காமல். தூக்குவாளியைத் திறந்து இரண்டு தட்டில் சோறு போட்டாள்.

மூன்றாம் நாள் பிரஷர் ஏறியது. நர்ஸுகள் ஓடினார்கள். வலிப்பு வராமலிருக்க ஊசி போட்டார்கள், கை வீங்கி இறுகியிருந்த வளையல்களை வெட்டி எடுத்தார்கள், குப்புராஜிடம் கையெழுத்து வாங்கினார்கள், தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். கதவு மூடியது. அபிதகுசாம்பாள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். லீலா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"முன்னாடியே சொல்லியிருந்தீங்கன்னா நான் பொண்ணு எடுத்திருக்க மாட்டேன்" என்றாள். கார் ஏறியதிலிருந்து அதுதான் அவள் பேசிய முதல் பேச்சு. "அது நெஜம். எழுந்து வந்துகினே இருந்திருப்பேன்."

அபிதகுசாம்பாள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"நல்ல வேள, சொல்லல" என்றாள் லீலா. சொன்னதும் அவள் வாய் கோணிக்கொண்டது. "இவ இல்லாத வூட்ட நெனச்சுப் பாக்க முடியல சம்பந்தி. நேத்து துணி எடுக்கப் போனேன், உள்ள கால் வைக்க முடியல. நான்தானே அந்தக் காலுக்கு எண்ண தடவிகினு இருந்தேன். தறி, தறின்னு சொல்லிகினு இருந்தேன்." முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள். அவள் அழுது யாரும் பார்த்ததில்லை. அபிதகுசாம்பாள் அவள் முதுகில் கை வைத்தாள். வைத்த கையை இரண்டு பேருமே எடுக்கவில்லை.

பெண் பிள்ளை. மாசம் முந்திப் பிறந்ததால் பூனைக்குட்டி மாதிரி இருந்தது, ஆனால் அழுத அழுகை லீலாவின் வாரிசு என்று காட்டிக்கொடுத்தது. சுகன்யாவுக்கு அடுத்த இரண்டு நாளும் கண்காணிப்பு, ஊசி. பிறகு பிரஷர் படிப்படியாக இறங்கியது. கண்ணைத் திறந்து அம்மாவையும் அத்தையையும் ஒரே பாயில் பார்த்தபோது, கனவு என்று நினைத்து மறுபடியும் மூடிக்கொண்டாள்.

தாய்வீட்டுப் பேச்சையே லீலா எடுக்கவிடவில்லை. டாக்டர் பக்கத்தில் இருக்க வேண்டும், ஆகவே சந்தவாசல் ஆரணிக்கு வரட்டும் என்றாள். சம்பந்தி வீட்டில் சம்பந்தி மாசக்கணக்கில் தங்கியதை அந்தத் தெரு அதற்கு முன் பார்த்ததில்லை. அய்யாக்கண்ணு வாரம் ஒரு தரம் காய்கறி மூட்டையோடு வந்து, பேத்தியைப் பார்த்துவிட்டு, லீலாவின் கண்ணில் படாமல் கடைசி பஸ்ஸைப் பிடித்துவிடுவார். அவருக்கு வெட்கம் தெளிய நாளாயிற்று.

தொட்டிலில் போடும் நாளன்று தெருப்பெண்கள் எல்லாரும் வந்தார்கள். வந்தவர்களுக்கெல்லாம் லீலா கற்கண்டோடு சேர்த்து அந்தக் கதையையும் கொடுத்தாள். இவள் ஆயாவுக்குப் பிரசவத்தில் பிரஷர் வந்து வலிப்பு வந்தது, அம்மாவுக்கும் பிரஷர் வந்தது, இவள் உண்டானால் முதல் மாதமே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும் என்று, ஏதோ பரம்பரை நகையைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னாள். அபிதகுசாம்பாளுக்கு முதலில் உடம்பெல்லாம் கூசியது. பத்துப் பேர் கேட்ட பிறகு கூச்சம் குறைந்தது. ஒருத்திகூட நகர்ந்து உட்காரவில்லை என்பதைக் கவனித்தாள்.

எதிர்வீட்டு முனியம்மாள்தான் பொறுக்க மாட்டாமல் லீலாவின் கையைப் பிடித்து இழுத்தாள். பொட்டைப்பிள்ளையாயிற்றே, நாளைக்கு ஒருத்தன் கேட்டு வரவேண்டாமா, இதையெல்லாமா தெருவில் சொல்வார்கள் என்றாள்.

"வர்றவன் கேட்டாலும் சொல்லுவேன், கேக்கலன்னாலும் சொல்லுவேன்" என்றாள் லீலா. "அதக் கேட்டுட்டு ஓடறவன் வூட்ல எம் பேத்தி எதுக்குப் புள்ள பெக்கணும்?"

பெண்கள் சிரித்தார்கள். முனியம்மாள் சிரிக்கவில்லை. அவள் மகள் பவித்ரா, ஐந்து மாதக் கர்ப்பம், அம்மாவுக்குப் பக்கத்தில் கற்கண்டு மென்றுகொண்டிருந்தவள், மெல்லுவதை நிறுத்தினாள். "ஏம்மா, என்னப் பெத்தப்போ உனக்கு எப்டி இருந்துச்சு?" என்று கேட்டாள்.

விளையாட்டாகத்தான் கேட்டாள். முனியம்மாள் முந்தானையை இழுத்து இழுத்துச் சரிசெய்தாள். வீட்டுக்குப் போய்ப் பேசிக்கொள்ளலாம், எழுந்திரு என்றாள். பவித்ரா எழுந்திருக்கவில்லை. அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். லீலா ஏதோ சொல்ல வாயெடுத்து, என்ன தோன்றியதோ, மூடிக்கொண்டாள்.

முனியம்மாளின் அந்த முகம் அபிதகுசாம்பாளுக்குத் தெரியும், இருபத்திரண்டு வருஷம் அவளே வைத்திருந்த முகம் அது. பேத்தியை மகள் மடியில் விட்டுவிட்டு, தான் இருந்த பாயில் நகர்ந்து இடம் விட்டாள். முனியம்மாளின் கையைப் பிடித்து உட்காரவைத்தாள். கை சில்லென்று இருந்தது.

"சொல்லுங்க" என்றாள். "நான் சொன்னேன். எம் பொண்ணு உசுரோட கீறா."